‘அது வேர்தானே சார்’: அதிமதுரக் கஷாயமும் 2.2 பொட்டாசியமும்

மே மாதம் முதல் வாரம், காலை பத்து மணி. தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்குள் ஒரு பெண்மணியை அவருடைய மகள் ஒரு பக்கமும் ஆட்டோக்காரர் ஒரு பக்கமுமாகத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வயது 49. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது தொழில். நாலு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார்.

“குந்துனா எழுந்திருக்க முடியல சார். தொடை ரெண்டும் என்னுதே இல்லாத மாதிரி கீது” என்றார்.

மீன் வெட்டுகிறவர் குந்தி உட்கார்ந்து எழுவதைக் கணக்கெடுத்தால் ஒரு நாளைக்கு நூறு முறைக்குக் குறையாது. அருவாமனைக்கு முன்னால் உட்காருவார், ஐஸ் பெட்டிக்கு எழுந்து போவார், மறுபடி உட்காருவார். அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்றால் அது அசதி இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னேன், முடியவில்லை. முழங்காலைத் தட்டினால் கால் அசைந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் அனிச்சை இருந்தது. உணர்ச்சி எங்கும் குறையவில்லை. ரத்த அழுத்தம் 172/104.

இந்தக் கதையை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னைப் பற்றிய விவரங்களை மாற்றவில்லை. இதில் பாதித் தவறு என்னுடையது.

மூன்று வருகைகள்

அந்த மே மாதத்துக்கு முன் அவருக்கு நான் கொடுத்துவந்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம், ஒரு வேளை. அழுத்தம் 130/80, 134/84 என்று ஒழுங்காக இருந்தது. முந்தைய வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.3, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் 0.8. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் கடைசியில் தலைவலி என்று வந்தார். 156/94. “ராத்திரி தூக்கமே இல்ல சார், படபடன்னு வருது” என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். போடுகிறேன் என்றார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டேன். இல்லை என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினோம், ஆனால் வேறு வேறு மொழியில். அம்லோடிபினை 10 ஆக்கி அனுப்பினேன்.

ஏப்ரல் நடுவில் மறுபடி வந்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. எடை இரண்டரை கிலோ கூடியிருந்தது. அழுத்தமோ 160/98, மருந்தை இரட்டித்தும் ஏறியிருந்தது. அம்லோடிபின் 10 மில்லிகிராம் கொடுத்தால் கணுக்கால் வீங்குவது எந்த மருத்துவருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அந்த வீக்கத்துக்கு மேல் நான் யோசிக்கவில்லை. அம்லோடிபினை 5க்கு இறக்கி, நீர் பிரிக்கும் மாத்திரையான குளோர்தாலிடோன் 12.5 சேர்த்தேன். ‘வீக்கமும் வடியும், பிரஷரும் குறையும்’ என்று அவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. அம்லோடிபினால் வரும் வீக்கத்தில் எடை இப்படிக் கூடாது, முகம் உப்பாது. அவர் முகம் லேசாக உப்பியிருந்தது. பார்த்தேன், எழுதவில்லை.

மூன்றாவது வருகைதான் மேலே சொன்னது. நீர் மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

எண்கள்

இ.சி.ஜி. கிளினிக்கிலேயே எடுத்தேன். டி அலைகள் தட்டையாகி, அதன் பின்னால் யூ அலை தெளிவாக எழும்பி நின்றது. பொட்டாசியம் மிகவும் தாழ்ந்தால் இதயம் போடும் கோலம் அது. ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திராமல் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் இருக்கும்போதே ஆய்வகத்திலிருந்து போன் வந்தது: பொட்டாசியம் 2.2. பைகார்பனேட் 36, சோடியம் 146. தசை சிதைவதைக் காட்டும் சி.பி.கே. 2,310. கிரியேட்டினின் 0.9, மக்னீசியம், தைராய்டு இரண்டும் இயல்பு.

பொட்டாசியம் 3.5க்குக் கீழே போனாலே குறைவு. 2.5க்குக் கீழே போனால் தசை தளரும், இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகலாம். வார்டில் மானிட்டர் பூட்டி, நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள், குளோர்தாலிடோனை நிறுத்தினார்கள்.

எல்லோரும் முதலில் நீர் மாத்திரையைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். நியாயம்தான், பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது அதன் இயல்பு. ஆனால் 12.5 மில்லிகிராம், மூன்றே வாரம், 4.3லிருந்து 2.2 என்பது கொஞ்சம் அதிகப்படியான குற்றச்சாட்டு. தவிர, அழுத்தம் ஏறத் தொடங்கியது அந்த மாத்திரைக்கு முன்பு.

மூன்றாம் நாள் காலை பொட்டாசியம் 2.6. ஏற்றிய அளவைப் பார்த்தால் மூன்றைத் தாண்டியிருக்க வேண்டும். சிறுநீரில் பொட்டாசியம் எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 58 மில்லி ஈக்குவலன்ட். உடம்பில் பொட்டாசியம் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த எண் 13க்குள் இருக்க வேண்டும். இவருடைய சிறுநீரகமோ வறுமையிலும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு, ரத்தம் காரப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் எந்த மருத்துவரின் கண்ணும் அட்ரீனல் சுரப்பியின் பக்கம்தான் திரும்பும். அங்கே சின்னக் கட்டி ஒன்று ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறதோ என்று சி.டி. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்கள். ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்டும் ரெனின் இரண்டையும் பரிசோதிக்க ரத்தமும் போனது.

ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபிளாஸ்க்

அன்று மதியப் பணியில் இருந்த செவிலியர், கட்டிலுக்கு அடியில் ஒரு ஃபிளாஸ்க் தினமும் வருவதையும் மாலையில் காலியாகப் போவதையும் கவனித்திருக்கிறார். “இன்னாம்மா இது, காப்பியா?” என்று மகளிடம் கேட்டிருக்கிறார். “இல்லக்கா, அம்மாவோட கஷாயம். ஆஸ்பத்திரி டீ அதுக்கு ஒத்துக்கல.” மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், சர்க்கரை போடாமலேயே தொண்டையில் நிற்கும் இனிப்பு.

அதிமதுரம்.

மாலையில் நான் போய்ப் பார்த்தபோது அவரிடம் கேட்டேன். வேறு மருந்து சாப்பிடவில்லை என்றீர்களே அம்மா? அவர் என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “மருந்து எங்க சார் சாப்ட்டேன்? அது வேர்தானே.”

பிறகு கதை முழுதாக வந்தது. என்னிடம் வந்தது இல்லை. வார்டில் இருந்த பெண் மருத்துவரிடம் சொல்லி, அவர் எனக்குச் சொன்னார். ஒன்றேகால் வருடமாகக் குளிப்பது, அதாவது மாதவிடாய், நின்றிருக்கிறது. அதற்கு முன்பிருந்தே, நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும், இரண்டு நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடும், பிறகு குளிரும். பகலில் ஏழெட்டு முறை, ராத்திரி மூன்று முறை. மீன் வாங்க வந்தவர்கள் நிற்கும்போதே ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாராம். ‘படபடன்னு வருது’ என்று மார்ச்சில் என்னிடம் சொன்னது இதைத்தான். ஆண் டாக்டரிடம் ஒரு பெண் அதற்கு மேல் எப்படிச் சொல்வார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். 49 வயதுப் பெண் தூக்கமில்லை, படபடப்பு என்கிறார். நான் மாதவிடாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 என்பது எனக்குத் தெரியாததும் இல்லை.

எதிர் வீட்டு அக்கா சொல்லித்தான் தொடங்கியிருக்கிறார். அந்த அக்காவுக்கு யாரோ போனில் அனுப்பிய வீடியோ: மாதவிடாய் நிற்கும் பெண்களுக்கு வரும் உடம்புச் சூட்டுக்கு அதிமதுரம். பிப்ரவரி கடைசியில் பூக்கடைப் பக்கம் ராசப்பச் செட்டித் தெருவுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வேர் வாங்கி, மாவு மிஷினில் கொடுத்து அரைத்து, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கடைக்காரர் மீது குறை சொல்ல எதுவுமில்லை. கேட்டது அதிமதுரம், கொடுத்ததும் கலப்படமில்லாத அதிமதுரம்.

எவ்வளவு குடித்தார் என்பதைக் கரண்டிக் கணக்கில் கேட்டால் தெளிவு வரவில்லை. ‘ஒரு கரண்டி’ என்பது வீட்டுக்கு வீடு வேறு. அதனால் கடைக் கணக்கு கேட்டேன். மூன்று கால் கிலோ முடிந்து, நாலாவது தொடங்கியிருக்கிறது. எழுபது நாளில் எண்ணூறு கிராமுக்கு மேல். நாளொன்றுக்குச் சுமார் 12 கிராம். கொதிக்கவைத்து வடிகட்டவும் இல்லை. அடியில் தங்கிய பொடியையும் சேர்த்தே குடித்திருக்கிறார்.

இனிப்பு என்ன செய்கிறது

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசரைசின். சர்க்கரையைவிடச் சுமார் ஐம்பது மடங்கு இனிப்பு. ஐரோப்பிய மருந்து நூல், வேரில் இது குறைந்தது 4 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தை வைத்தே பார்த்தாலும் 12 கிராம் பொடியில் 480 மில்லிகிராம். ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003இல் சொன்ன அன்றாட உச்சவரம்பு 100 மில்லிகிராம்.

உடம்புக்குள் போனால் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கிளிசரைசினைக் கிளிசரெட்டினிக் அமிலமாக மாற்றுகின்றன. இந்த அமிலம் சிறுநீரகத்தில் ஒரு காவலாளியின் கண்ணைக் கட்டிவிடுகிறது. அந்தக் காவலாளி ஒரு நொதி. உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியேற்று என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அது அமரும் ஏற்பியில் கார்ட்டிசாலும் அதே பிடிப்போடு அமரக்கூடியது. ரத்தத்தில் கார்ட்டிசால் ஆல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கும் மேல் ஓடுகிறது. அந்தக் கூட்டம் உள்ளே நுழையாமல் இருப்பதற்குக் காரணமே அந்த நொதிதான். வாசலிலேயே கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றி அனுப்பிவிடும். அதிமதுரம் நொதியை முடக்கினால் கார்ட்டிசால் முழுவதும் ஆல்டோஸ்டிரோன் வேடம் கட்டிக்கொள்கிறது. உப்பும் நீரும் தேங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் ஒழுகும். அதே சமயம் உடம்பு, ‘உப்பு போதும்’ என்று ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் நிறுத்திவிடுகிறது. ஒன்பது நாள் கழித்து வந்த அவருடைய முடிவுகளில் இரண்டுமே தாழ்ந்துதான் கிடந்தன. அட்ரீனல் கட்டியாக இருந்திருந்தால் ஆல்டோஸ்டிரோன் உயர்ந்திருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ரெவர்ஸ் என்ற மருத்துவர் 1946இல், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகாலும் வீங்குவதைப் பார்த்து எழுதினார். வயிற்றுப் புண் ஆறியது, ஆனால் நோயாளி உப்பினார். அந்த நொதிதான் காரணம் என்பது 1987இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுக்காரர் ஒருவர், வாரக்கணக்கில் தினமும் ஒன்றரைப் பாக்கெட் அதிமதுர மிட்டாய் தின்று, இதயம் நின்று இறந்தார். அது 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் நிகழ்வு ஆய்வாகவே வந்தது. நான் இதையெல்லாம் படித்தவன். படித்தது மிட்டாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டையார்பேட்டையில் யார் அதிமதுர மிட்டாய் தின்கிறார்கள்?

மீன்பிடித் தடைக்காலம்

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மார்ச் முழுக்கக் குடித்தும் தலைவலியோடு நின்றவர், ஏப்ரல் நடுவுக்குப் பிறகு ஏன் இப்படிச் சரிந்தார்? பாதி விடை என் நீர் மாத்திரை. மீதிப் பாதி நாட்காட்டியில் இருந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசு விதிக்கும் தடை. காசிமேட்டில் ஏலச் சத்தம் குறையும். நாட்டுப் படகு மீன் கொஞ்சம் வரும், விலை எட்டாது. மீன் வெட்டுகிறவர்கள் கருவாட்டுக்கு மாறுவார்கள். இவரும் மாறினார். விற்றதும் கருவாடு, வீட்டில் மூன்று வேளையும் கருவாட்டுக் குழம்பு, இல்லாவிட்டால் சுட்ட கருவாடும் பழைய சோறும்.

பொட்டாசியம் சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் வெளியேறுகிறது. அங்கே எவ்வளவு சோடியம் வந்து சேர்கிறதோ அந்த அளவுக்குப் பொட்டாசியம் பண்டமாற்றாக வெளியே போகும். கருவாடு சோடியத்தைக் கூட்டியது. குளோர்தாலிடோன் அந்தச் சோடியத்தை முன்பகுதியில் பிடிக்கவிடாமல் கடைசிப் பகுதிக்குத் தள்ளியது. அங்கே அதிமதுரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. இதில் எந்த ஒன்று தனியாக இருந்திருந்தாலும் அவர் கிளினிக்குக்கு நடந்தே வந்திருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றில் ஒன்றை எழுதிக் கொடுத்தது நான்.

தேறியது

ஃபிளாஸ்க் நின்றது. ஸ்பைரோனோலாக்டோன் 50 மில்லிகிராம் தொடங்கினார்கள். கார்ட்டிசால் ஏறி அமர்ந்திருக்கும் அதே ஏற்பியை அடைக்கும் மாத்திரை என்பதால் இங்கே அதுதான் நேரடி மருந்து. அடுத்த நாளே 3.0. எட்டாம் நாள் 3.6 என்ற கணக்கில் நடந்து வீட்டுக்குப் போனார். அதிமதுரத்தை நிறுத்திய உடனே எல்லாம் சரியாகிவிடாது; நொதி விழித்துக்கொள்ள ஓரிரு வாரம் ஆகும், அமுங்கிக் கிடந்த ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் எழ மாதங்கள்கூட ஆகலாம். அதனால் வாரம் ஒரு முறை பொட்டாசியம் பார்த்தோம். மூன்றாவது வாரம் 4.1, ஆறாவது வாரம் ஸ்பைரோனோலாக்டோனும் நின்றது. இப்போது பழைய அம்லோடிபின் 5 மட்டும், அழுத்தம் 132/82. கணுக்கால் வீக்கம் இல்லை. அம்லோடிபின் மீது நான் போட்ட பழி அத்தோடு நீங்கியது.

பக்கவிளைவுக்கு மருந்து எவ்வளவு தூரம் காரணம் என்று மதிப்பிட நாரன்ஹோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. அதில் இந்த நிகழ்வு ‘பெரும்பாலும் காரணம்’ என்ற படியில் நிற்கிறது. ‘உறுதி’ என்ற படிக்கு ஏற மறுபடி கஷாயம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை யாரும் செய்ய மாட்டார்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் படிவம் நிரப்பி அனுப்பினேன். பொதுமக்களும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைச் சொல்லலாம். நாட்டு மருந்துக்கும் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கஷாயம் கேட்டதா?

“ஆனா சார், அது குடிச்சப்போ சூடு கம்மியாத்தான் இருந்துச்சு” என்று இன்றைக்கும் அவர் சொல்கிறார். பகலில் ஏழெட்டு என்பது மூன்றாகக் குறைந்ததாம். இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

அதிமதுரத்தில் லிக்விரிட்டிஜெனின், கிளாப்ரிடின் என்று ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் லேசாக ஒட்டும் பொருட்கள் உள்ளன. ஈரானில் 90 பெண்களை வைத்து எட்டு வாரம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், 330 மில்லிகிராம் அதிமதுர மாத்திரை நாளுக்கு மூன்று எடுத்தவர்களுக்குச் சூட்டு அலைகளின் எண்ணிக்கையும் கடுமையும் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைந்தன. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் ஒன்றுமில்லாத பேச்சு இல்லை. மறுபக்கம், சூட்டு அலைக்கான ஆய்வுகள் எதிலும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே பாதி அளவுக்குக் குறைவது வழக்கம். அவருக்குக் குறைந்தது வேராலா, வேர் மீதிருந்த நம்பிக்கையாலா, காலப்போக்கில் தானாகத் தணியும் இயல்பாலா என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. ஈரான் ஆய்வில் கொடுத்தது நாளுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு, எட்டே வாரம். பொடியும் மாத்திரையும் ஒன்றல்ல என்றாலும், 12 கிராமுக்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. நம் ஆயுர்வேத மருந்து நூல் சொல்லும் அளவே நாளுக்கு 2 முதல் 4 கிராம்தான். ஐரோப்பிய மருந்து முகமையோ நாலு வாரத்துக்கு மேல் தொடராதே என்கிறது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல இந்த நிகழ்வை யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். இவர் எந்தச் சித்த மருத்துவரையும் பார்க்கவே இல்லை. அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனைக்கு ஒரு பேருந்து பிடித்துப் போயிருந்தால், நாடி பார்க்கிறவர் பிரஷர் மாத்திரையைப் பற்றியும் கேட்டிருப்பார். தொண்டை கட்டினால் இரண்டு நாள் ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வதும், கச்சேரிக்கு முன் பாடகர்கள் மெல்லுவதும் இந்தக் கதையில் வராது. அளவும் நாளும்தான் இங்கே விஷயம், கூடவே யார் குடிக்கிறார்கள் என்பதும். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் மாத்திரை, இதய மருந்தான டிகாக்சின், ஸ்டீராய்டு எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தினக் கஷாயமாக எடுக்கக் கூடாது. பேதி மாத்திரையை வாடிக்கையாகப் போடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும். இருமல் டானிக்குகளிலும் மூலிகைத் தேநீர்ப் பைகளிலும் இது கலந்திருப்பதுண்டு. பாட்டில் லேபிளில் யஷ்டிமது, முலேட்டி என்று இருந்தாலும் அதுதான் இது.

“அப்ப அமுக்கரா எடுத்துக்கட்டா?” என்று அடுத்த வாரமே கேட்டார். மாதவிடாய் நிற்கும் கட்டத்துப் பெண்களுக்கு அமுக்கரா வேரை வைத்தும் சின்ன ஆய்வுகள் நடந்து, கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. அதற்கு வேறு கணக்கு உண்டு: ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா எடுத்து மஞ்சள் காமாலை வந்த ஐந்து பேரைப் பற்றி 2020இல் எழுதினார்கள், அரிப்போடு வரும் காமாலை, தொடங்கிய இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். தைராய்டு ஹார்மோனையும் அது தூக்கிவிடலாம். இப்போதுதான் ஒரு வேரிலிருந்து எழுந்து வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள் அம்மா என்றேன். சிரித்தார்.

ஆனால் ‘அதைக் குடிக்காதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ராத்திரி மூன்று முறை நனைந்து எழுகிற பெண்ணுக்கு நான் என்ன செய்தேன்? மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்குச் சூட்டு அலைக்கு ஹார்மோன் சிகிச்சையை மிஞ்சிய மருந்து இல்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வுக்குப் பிறகு வந்த பயம் வயதான பெண்களின் கணக்கை எல்லோருக்கும் போட்டதால் வந்தது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாத்திரையைவிடத் தோல் வழியாகப் போகும் ஜெல் நல்லது. கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்ட்டிரோனும் வேண்டும். எல்லாம் எடுத்துச் சொன்னார்கள். அவருக்கு விருப்பமில்லை. “அது வயசுப் பொண்ணுங்களுக்கு சார்.” கடைசியில் இரவில் சூட்டு அலையைத் தணிக்க, ஹார்மோன் இல்லாத கபாபென்டின் 300 மில்லிகிராம், தலைமாட்டில் ஒரு சின்ன மின்விசிறி, ஏழு மணிக்கு மேல் காப்பி கிடையாது என்று முடிந்தது. ராத்திரி ஒரு முறைதான் எழுகிறாராம். பகல் அலைகள் அப்படியே இருக்கின்றன. ஐஸ் பெட்டி கைகொடுக்கிறது.

என் கிளினிக்கில் கேள்வியை மாற்றியிருக்கிறேன். ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்பதை விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் முதலில் என்ன குடிக்கிறீர்கள், நாட்டு மருந்துக் கடையில் கடைசியாக என்ன வாங்கினீர்கள், ஃபிளாஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். நாற்பது தாண்டிய பெண்கள் என்றால் குளிப்பதைப் பற்றி என் கம்பவுண்டரம்மா முன்னறையிலேயே கேட்டு, சீட்டின் மூலையில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார். கூச்சம் எனக்கும் அவர்களுக்கும் இடையில்தான். அந்த அம்மாவுக்கு அது கிடையாது.

எதிர் வீட்டு அக்காவையும் வரச் சொன்னேன். அவர் அதே பொடியை அதே அளவில் நாலு மாதமாகக் குடிக்கிறார். அழுத்தம் 124/78. பொட்டாசியம் 3.9. பிரஷர் கிடையாது, நீர் மாத்திரை கிடையாது, கருவாடு வாடையே ஆகாது. அந்த நொதியின் வலுவும் குடல் கிளிசரைசினை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும் என்று விளக்கினேன். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குப் பாதிப்பு கூடும் என்றும் சொன்னேன். ரிப்போர்ட் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

“எனக்குத்தான் ஒண்ணும் ஆவலையே சார்” என்றார். போன வாரம் கம்பவுண்டரம்மா அவரை ராசப்பச் செட்டித் தெருவில் பார்த்தாராம்.